விண்டோஸ் 10-இலிருந்து விண்டோஸ் 11-க்கு வீட்டுக் கணினியை மாற்றும் முறை

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. உங்கள் கணினி இன்றும் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அதில் பொதுவாக அடைக்கப்படாமலே கிடக்கும் என்பதால், வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியையாவது விண்டோஸ் 11-க்கு மாற்றிவிடுவது நல்லது. மாற்றும் வேலை ஓரிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கவனம் தேவைப்படுவதெல்லாம் அதற்கு முந்தைய ஏற்பாட்டில்தான்.

முதலில் கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள். 'டி டிரைவில் போட்டுவிட்டேன்' என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே வன்வட்டின் இரு பகுதிகளே என்பதால் அதைக் காப்புப்படி என்று சொல்ல முடியாது. தனியான வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மேம்படுத்தும்போது அவை பொதுவாக அப்படியே இருக்கும் என்றாலும், ஏதோ காரணத்தால் வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவ நேர்ந்தால், எழுத்துரு இல்லாத அந்த ஆவணங்களில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

அடுத்து, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'பிசி ஹெல்த் செக்' செயலியை நிறுவிச் சோதியுங்கள். 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, நம்பகமான மென்பொருளை மட்டுமே கணினி தொடங்க விடும் செக்யூர் பூட் வசதி ஆகியவற்றோடு, பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ஏஎம்டி ரைசன் 2000 வரிசை, அல்லது அவற்றுக்குப் பிந்தைய புராசசர் இருக்க வேண்டும். ஐ5-8250யு என்பதில் கோட்டுக்கு அடுத்துள்ள 8 தலைமுறையைக் குறிக்கிறது.

'தகுதியில்லை' என்று செயலி சொன்னவுடன் புதுக் கணினி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். தகுதியான புராசசர் உள்ள பல கணினிகளில் டிபிஎம் வசதி இருந்தும் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்புத் திரையில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் தாய்ப்பலகைகளில் பிடிடி என்றும் ஏஎம்டி தாய்ப்பலகைகளில் எஃப்டிபிஎம் என்றும் அது குறிக்கப்பட்டிருக்கும், அதை இயக்கினால் போதும். பயாஸில் கைவைக்கும் முன் ஒன்று: வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் வசதி இயங்கினால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

செக்யூர் பூட் சற்றுச் சிக்கலானது. 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திரையில் பயாஸ் மோட் என்பதற்கு எதிரே லெகஸி என்று இருந்தால், வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இந்நிலையில் பயாஸை நேரே, செக்யூர் பூட்டுக்குத் தேவையான யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றினால் விண்டோஸ் தொடங்காது. விண்டோஸ் 10-இலேயே உள்ள 'எம்பிஆர்2ஜிபிடி' கருவியால் வட்டை முதலில் ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றிவிட்டுப் பிறகே பயாஸைத் தொட வேண்டும். கட்டளை வரியில் பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு படிக்கு மட்டும் தெரிந்தவரை அழைத்துக்கொள்வதில் தவறில்லை. புராசசரே பழையது என்றால், தடையைச் சுற்றிக்கொண்டு நிறுவும் வழிகள் இணையத்தில் உலவினாலும், அத்தகைய கணினிகளுக்குத் தொடர்ந்து மேம்பாடுகள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அதைவிட லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுவதே மேல் என்பேன்.

தகுதி உறுதியானபின், சி டிரைவில் 30 ஜிபி அளவுக்கு இடத்தைக் காலி செய்து, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே விண்டோஸ் 11 காட்டப்படாவிட்டால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 'இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட்' கருவியை இறக்கி இயக்கலாம். மடிக்கணினியை மின் இணைப்பில் வைத்திருங்கள்; யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினி என்றால், மின்தடை அறிவிக்கப்பட்ட நாளைத் தவிர்த்துவிடுங்கள். இடையில் பலமுறை அணைந்து எழும், சதவீதம் நெடுநேரம் அசையாமலும் நிற்கும். பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்திவிடக் கூடாது.

முடிந்தவுடன் பிரின்டரில் ஒரு தாளை அச்செடுத்து, வெப்கேமரா, ஒலி, தமிழ் 99 விசைப்பலகை ஆகியவற்றைச் சோதித்துவிடுங்கள். ஏதேனும் ஒத்துவராவிட்டால், 10 நாள்களுக்குள் செட்டிங்ஸில் ரெகவரி பகுதியிலுள்ள 'கோ பேக்' மூலம் விண்டோஸ் 10-க்கே திரும்பலாம். அதுவரை, பழைய விண்டோஸின் கோப்புகள் உள்ள 'விண்டோஸ் ஓல்டு' கோப்புறையை, எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டாலும், அழிக்காதீர்கள்.