யூஎஸ்பி போர்டைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லையா? முதலில் டி-மைனஸில் மீட்டரை வையுங்கள்

டிவி ரிப்பேர் வேலை குறைந்த பிறகு என் மேஜைக்கு வருவதெல்லாம் காலேஜ் பிள்ளைகளின் ஏவிஆர் (ஒரு வகை மைக்ரோகண்ட்ரோலர் சிப்) போர்டுகள்தான். பெரும்பாலும் ஏடிமெகா8, இல்லையென்றால் ஏடிடைனி85. இந்தச் சிப்புகளுக்குள் யூஎஸ்பிக்கென்று தனிச் சர்க்யூட் கிடையாது. வி-யூஎஸ்பி என்கிற நிரல்தான் இரண்டு சாதாரணப் பின்களை வைத்துக்கொண்டு லோ-ஸ்பீட் (யூஎஸ்பியின் மிக மெதுவான வகை) யூஎஸ்பி வேலையைப் பார்க்கிறது. செருகியதும் ‘சாதனம் அடையாளம் தெரியவில்லை’ என்று விண்டோஸ் சொன்னால் பிள்ளைகள் உடனே நிரலைத் தோண்ட ஆரம்பிப்பார்கள். நான் மீட்டரை எடுப்பேன்.

யூஎஸ்பியின் சிவப்பு வயரில் 5 வோல்ட் வருகிறது. டி-பிளஸ், டி-மைனஸ் என்ற இரண்டு டேட்டா வயர்களில் ‘ஹை’, அதாவது மேல்நிலை, என்பதோ 2.8 முதல் 3.6 வோல்ட் வரைதான். 5 வோல்ட்டில் ஓடும் ஏவிஆர் பின் 5 வோல்ட்டையே வெளியே தள்ளும் என்பதால், 3.6 வோல்ட் ஜீனர் (குறிப்பிட்ட வோல்ட்டுக்கு மேல் போகாமல் பிடிக்கும் டயோடு) போட்டு மேலே வெட்டுகிறோம். இதுவரை எல்லாருக்கும் தெரியும். எதிர்த்திசையைத்தான் மறந்துவிடுகிறார்கள். வரும் சிக்னலை ‘ஹை’ என்று ஏவிஆர் நிச்சயமாக ஏற்க, சப்ளையில் 0.6 பங்கு வேண்டும் என்கிறது டேட்டாஷீட். 5 வோல்ட்டுக்கு அது 3.0. ஆக நமக்குக் கிடைப்பது 3.0க்கும் 3.6க்கும் நடுவில் ஒரு சந்து. நடைமுறையில் சிப் கொஞ்சம் கீழேயே மாறிவிடும், அதனால்தான் இந்தச் சர்க்யூட் பல இடங்களில் ஓடுகிறது. ஆனால் வெட்டும் ஜீனர் அளவுக்கு மீறி வெட்டினால் ஓடாது.

சரி, அளப்போம். சிப்பைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டுக் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். போன் சார்ஜரில் செருகி அளக்காதீர்கள். பல சார்ஜர்களில் டி-பிளஸும் டி-மைனஸும் உள்ளேயே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும், ரீடிங் குழப்பும். செருகியவுடன் கம்ப்யூட்டர் சில முறை ரீசெட் கொடுத்துப் பார்க்கும், அப்போது முள் ஆடும். அது அலுத்துப்போய் விட்ட பிறகு, கிரவுண்டுக்கும் டி-மைனஸுக்கும் நடுவில் அளங்கள். வழக்கமாக டி-மைனஸ் வெள்ளை வயர், டி-பிளஸ் பச்சை. மலிவுக் கேபிள்களில் நிறத்தை நம்ப வேண்டாம், பின்னிலிருந்து கன்டினியூட்டி பாருங்கள்.

3 வோல்ட்டை ஒட்டி நின்றால் லெவல் சரி, இனி கிரிஸ்டலையும் (சிப்புக்குக் கிளாக் கொடுப்பது) ஃபியூஸ் பிட்களையும் (சிப்புக்குள் எழுதும் அமைப்புகள்) பார்க்கலாம். 4.3 போல வந்தால் ஜீனர் வேலையே செய்யவில்லை, சால்டர் விட்டிருக்கும். அந்தக் கணக்கு எளிது: 5 வோல்ட்டிலிருந்து டி-மைனஸை மேலே இழுக்கும் 2.2 கே ரெசிஸ்டர் (புல்-அப்), கம்ப்யூட்டருக்குள் கிரவுண்டுக்கு இழுக்கும் 15 கே ரெசிஸ்டர் (புல்-டவுன்), இரண்டும் பிரித்துக்கொண்டால் 4.36. 0.7 வந்தால் ஜீனர் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. டி-மைனஸ் பூஜ்யமாகவும் டி-பிளஸில் வோல்டேஜும் இருந்தால் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன. லினக்ஸ் லாக்கிலும் ‘லோ-ஸ்பீட்’ என்பதற்குப் பதில் ‘ஃபுல்-ஸ்பீட்’ என்று வரும். இரண்டுமே பூஜ்யம் என்றால் புல்-அப் சேரவில்லை.

இரண்டரை வோல்ட்டுக்கும் கீழே நின்றால்? அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். கடையில் வெறுமனே ‘3.6 ஜீனர்’ என்று கேட்டால் ஒரு வாட் ஜீனரை எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. 1என்4729 என்ற அந்த ஒரு வாட் ஜீனருக்கு 3.6 என்பது 69 மில்லி ஆம்பியர் ஓடும்போது உள்ள கணக்கு. நம் புல்-அப் வழியாக அதற்குக் கிடைப்பது ஒரு மில்லி ஆம்பியர்கூட இல்லை. அவ்வளவு குறைந்த கரண்டில் அது 3.6க்கு வெகு கீழேயே கடத்த ஆரம்பித்துவிடும். போதாக்குறைக்கு அதன் கெபாசிடன்ஸும் அதிகம். லோ-ஸ்பீடில் ஒரு பிட்டுக்கு 667 நானோ செகண்ட்தான் நேரம், சிக்னலின் விளிம்புகள் மழுங்கிப்போகும். லினக்ஸ் லாக்கில் ‘எரர் -71’ (யூஎஸ்பி பேச்சில் பிழை) வரிசையாக வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அரை வாட் ஜீனர் கேளுங்கள்: பிஇசட்எக்ஸ்55சி3வி6. அதன் 3.6 என்பது 5 மில்லி ஆம்பியரில் அளந்தது. வாங்கியதும் 5 வோல்ட்டிலிருந்து 2.2 கே வழியாக ஒவ்வொன்றையும் அளந்து, அதிகம் காட்டுவதைப் பொறுக்கி எடுங்கள்.

இடமும் முக்கியம். கனெக்டர், அடுத்து ஜீனர், அப்புறம் 68 ஓம் ரெசிஸ்டர், கடைசியில் சிப்பின் பின். ஜீனரை 68 ஓமுக்கு அந்தப் பக்கம், சிப்பை ஒட்டிப் போட்டால் கரண்டைத் தடுக்க ஒன்றும் இருக்காது. பின் நேராக ஜீனரோடு மல்லுக்கட்டும்.

என்னைக் கேட்டால், புதிதாகக் கட்டும் போர்டில் ஜீனரே வேண்டாம். சிப்பின் சப்ளையையே 3.3 வோல்ட்டுக்கு இறக்குங்கள். வெளியே போகும் சிக்னலும் 3.3, உள்ளே வருவதை ஏற்கும் வரம்பும் 2 வோல்ட்டுக்கு இறங்கிவிடும், சந்து தெருவாகிவிடும். புல்-அப்பை 1.5 கே ஆக்கி 3.3இல் கட்டுங்கள், 68 ஓம் அப்படியே இருக்கட்டும். 3.3க்கு இறக்க ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் போட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: 5 வோல்ட் ரெகுலேட்டரான 7805 போல அதன் தகடு கிரவுண்ட் இல்லை, அவுட்புட். அவுட்புட்டில் 22 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் வேண்டும்.

கிரிஸ்டலை மட்டும் மறக்காதீர்கள். இன்னொரு ஏவிஆரான ஏடிமெகா328பி 3.3 வோல்ட்டில் ஏறக்குறைய 13 மெகாஹெர்ட்ஸ் வரைதான் தாங்கும் என்கிறது டேட்டாஷீட். 16ஐக் கழற்றி 12 போட்டு, நிரலிலும் கிளாக் மதிப்பை மாற்றி மறுபடி கம்பைல் செய்யுங்கள். பழைய ஏடிமெகா8க்கு 4.5 வோல்ட் வேண்டும், 3.3க்கு ‘ஏ’ சேர்ந்த ஏடிமெகா8ஏ வாங்குங்கள். சிப்பில் நிரலை ஏற்றும் புரோகிராமர் கருவியின் ஜம்பர் 5 வோல்ட்டில் இருந்தால், செருகுவதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.