ஜாதகப் பொருத்தம்: நட்சத்திரத்தை எண்ணும் முறை

முதலில் இருவரின் ஜாதகமும் ஒரே பஞ்சாங்கத்தில் கணித்ததா என்று பாருங்கள். ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம் என்றால் நட்சத்திரமோ பாதமோ (நட்சத்திரத்தின் கால் பகுதி) மாறிவிடலாம். உத்திரம் 1-ஆம் பாதம் சிம்மம்; மற்ற மூன்றும் கன்னி. பாதம் தவறினால் ராசிப் பொருத்தமே தவறும்.

தினப் பொருத்தத்துக்குப் பெண் நட்சத்திரத்தையே 1 என்று வைத்து ஆண் நட்சத்திரம் வரை எண்ணுங்கள். பலர் அடுத்த நட்சத்திரத்தில் தொடங்கிவிடுகிறார்கள், விடை தலைகீழாகிவிடலாம். பெண் ரோகிணி, ஆண் உத்திரம்: எண்ணிக்கை 9. அதை 9-ஆல் வகுத்து மீதி 2, 4, 6, 8, 0 வந்தால் பொருத்தம் உண்டு.

அடுத்தது ரஜ்ஜு: நட்சத்திரங்களைச் சிரசு, கழுத்து, வயிறு என உடல் பாகங்களின் பெயரில் பிரிக்கும் பிரிவு. பத்துப் பொருத்தங்களில் எட்டு பொருந்தினாலும் இது இல்லையென்றால் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. இருவரும் ஒரே ரஜ்ஜுவில் இருக்கக் கூடாது. மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம் மூன்றும் சிரசு ரஜ்ஜு. இவற்றில் இரண்டைச் சேர்க்கவே மாட்டார்கள். ரோகிணி கழுத்து, உத்திரம் வயிறு, ஆகவே தடையில்லை.