லண்டன் மாமி வீட்டுக்கு எத்தனை மணித்தியாலம்?

பாரிஸுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருக்காது, லண்டனிலிருந்து மாமி போன் எடுப்பார்: "கிட்டத்தானே இருக்கிறாய், ஒரு சனி ஞாயிறு வந்திட்டுப் போவன்." ஓம் சொல்வதற்கு முன் உங்கள் கார்ட்டை எடுத்துப் பாருங்கள். பிரான்ஸ் வதிவிட அட்டையோடு ஜெர்மனிக்கோ சுவிஸுக்கோ போய் வரலாம். லண்டனுக்கு அது செல்லாது. இலங்கை, இந்தியப் பாஸ்போட் என்றாலும் சரி, அகதிகளுக்கான பயணப் பத்திரம் என்றாலும் சரி, பிரித்தானிய விசா தனியாக எடுக்க வேண்டும்.

விசா கிடைத்துவிட்டதா? இனித் தூரக் கணக்கு. நேர்கோட்டில் ஏறக்குறைய 340 கிலோமீற்றர்தான். பிளேன் ரிக்கற்றைப் பார்த்தால் சிரிப்பு வரும்: 10 மணிக்கு ஏறி 10.15க்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். லண்டன் கடிகாரம் ஒரு மணித்தியாலம் பின்னால் ஓடுகிறது. பயணம் உண்மையில் ஒன்றேகால் மணித்தியாலம். திரும்பி வரும்போது அந்த ஒரு மணித்தியாலம் பறிபோகும். திங்கள் காலை வேலை இருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

ஆனால் வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு எண்ணிப் பாருங்கள். பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் இருந்து சார்ள் து கோல் விமான நிலையத்துக்கு ஆர்.ஈ.ஆர். பி ரயிலில் முக்கால் மணித்தியாலம், அங்கே இரண்டு மணித்தியாலக் காத்திருப்பு, பறப்பு, ஹீத்ரோவில் குடிவரவு வரிசை, பிறகு மாமி இருக்கும் ஈஸ்ட்ஹாமுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல். ஆறு மணித்தியாலம் போய்விடும். நான் ஒருமுறை மலிவென்று லண்டனுக்கு வெளியே இருக்கும் லூற்றன் விமான நிலையத்துக்கு ரிக்கற் போட்டேன். பிளேன் பிந்தி, நள்ளிரவில் இறங்கி, ராக்ஸிக்குக் கொடுத்த காசில் இன்னொரு தடவை லண்டன் போய் வந்திருக்கலாம்.

என்னைக் கேட்டால் யூரோஸ்ரார் ரயில்தான். கார் து நோர் நிலையம் லாச்சப்பல் கடைத்தெருவிலிருந்து பத்து நிமிட நடை. ரயில் 2 மணி 20 நிமிடத்தில் லண்டன் செயின்ற் பங்கிராஸ் நிலையத்தில் விடும். பிரித்தானிய அதிகாரிகள் பாரிஸிலேயே விசாவைப் பார்த்துவிடுவதால் அங்கே இறங்கியதும் நேரே வெளியே நடக்கலாம். அதற்காகக் கடைசி நேரத்தில் ஓடிப் போகாதீர்கள், ஒன்றரை மணித்தியாலம் முன்னதாகப் போய் வரிசையில் நில்லுங்கள். செயின்ற் பங்கிராஸுக்குக் கீழேயே நிலக்கீழ் ரயில். ஹமர்ஸ்மித் அன்ட் சிற்றி பாதையில் பார்க்கிங் (Barking) என்ற இடத்துக்குப் போகும் வண்டியில் ஏறினால் மாறாமல் ஈஸ்ட்ஹாம். ரிக்கற்றை மட்டும் சில வாரங்கள் முந்தி எடுங்கள், கடைசி நாளில் விலை கண்ணைக் கட்டும்.

பிளேனில் போல ரயிலில் திரவங்களுக்கு 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு இல்லை. நல்லெண்ணெய்ப் போத்தல் தாராளமாகக் கொண்டு போகலாம். ஆனால் மாமிக்கென்று மட்டன் ரோல்ஸ் கட்டாதீர்கள். 2025 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஆடு, மாடு, பன்றி இறைச்சியும் பால் பொருட்களும் பயணப் பையில் கொண்டு போகத் தடை. ஈஸ்ட்ஹாமிலும் ரோல்ஸ் கிடைக்கும்தானே.