கடற்கரையில் நிற்பதாக நினையுங்கள் என்று சொல்லாதீர்கள்: மனவடு ஆற்றுப்படுத்தலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடலைத் தளர்த்தும் பயிற்சிகளில் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு. “கண்களை மூடுங்கள். நீங்கள் ஒரு கடற்கரையில் நிற்கிறீர்கள். அலை மெல்ல மெல்ல உங்கள் பாதங்களை நோக்கி வருகிறது.” எங்கோ ஒரு குளிர்நாட்டில், கடலை விடுமுறைக்கு மட்டும் பார்ப்பவர்களுக்காக எழுதப்பட்டது அது. அதை அப்படியே தமிழாக்கி, 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் பிள்ளையை அலைக்குப் பறிகொடுத்த ஒருவரிடம், நிலாவெளியிலோ சல்லியிலோ குச்சவெளியிலோ வாசித்தால் என்ன ஆகும்? திருகோணமலையில் கடல் என்பது சுனாமி மட்டுமல்ல. நகரத்துக் கடற்கரையில்தான் 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மாலையில் காற்று வாங்க அங்கே போகும் எல்லோருக்கும் அந்த இடம் ஒரே இடம் அல்ல.

போரும் பேரிடரும் மனத்தில் விட்டுச்செல்லும் காயமான மனவடுவை உடல்வழியாகவும் கலைவழியாகவும் ஆற்றும் முறைகளில் எனக்கு நம்பிக்கை உண்டு. அதனால்தான் அவை கையாளப்படும் விதத்தைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. தவறுகள் பலவாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான்: பாதிக்கப்பட்டவர் கையில் இருக்க வேண்டிய கடிவாளத்தை அமர்வை நடத்தும் நடத்துநர் வாங்கிக்கொள்வது. போரும் பேரலையும் இந்த மக்களுக்குச் செய்தது அதைத்தான். எப்போது ஓடுவது, எதை விட்டுவிட்டு ஓடுவது, எந்த முகாமில் யாரோடு படுப்பது என்று எதையும் அவர்கள் தீர்மானிக்கவில்லை. ஆறுதல் தருவதாகச் சொல்லும் ஓர் அமர்வும் “இப்போது படுங்கள், இப்போது அழுங்கள்” என்று அதையே செய்தால், உடல் அதை வேறாக எடுத்துக்கொள்வதில்லை.

உடல் ஏன் இதில் வருகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆபத்து வரும்போது உடல் ஓடவோ எதிர்த்து நிற்கவோ ஆயத்தமாகிறது. இரண்டுக்கும் வழியில்லாதபோது உறைந்துபோகிறது. ஆபத்து நீங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் சிலருடைய உடல் அந்த ஆயத்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. பட்டாசுச் சத்தத்துக்குத் தரையில் விழுந்து படுப்பது, தோள் எப்போதும் இறுகிக் கிடப்பது, நித்திரை துண்டு துண்டாக வருவது எல்லாம் அதன் வெளிப்பாடுகள். நம்மவர்கள் வைத்தியரிடம் போய் “எனக்கு மனவடு” என்று சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சுப்பாரம், கைகால் உளைவு, ஒரே யோசனை என்றுதான் சொல்வார்கள். ஆகவே உடலிலிருந்து தொடங்குவது நமக்கு அந்நியமான வழி அல்ல.

கண்ணை மூடு, மூச்சை இழு

முதல் தவறு அமைதியின் பெயரால் நடப்பது. விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, எல்லோரையும் பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்வார்கள். பங்கருக்குள் இருட்டில் படுத்துக்கிடந்து ஷெல் எண்ணியவருக்கு அது ஓய்வு அல்ல. பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்கு, ஆண் பயிற்றுநர் நடமாடும் மண்டபத்தில் மல்லாந்து படுப்பது சித்திரவதை. படுக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. கதிரையில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்தபடி, பாதம் தரையில் படுவதை உணர்ந்தாலே நிறையச் செய்யலாம்.

“ஆழமாக மூச்சை இழுங்கள்” என்பதும் இதே வகைதான். பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் வேகமாக இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலைசுற்றும், விரல்நுனி விறுவிறுக்கும், நெஞ்சு இறுகும். அவருக்குச் சாவு வருவதுபோல் இருக்கும். நடத்துநரோ “உள்ளே இருப்பது வெளியே வருகிறது” என்று மகிழ்ந்துபோவார். மூச்சு வெளியே போகும்போதுதான் இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. எனவே சாதாரணமாக இழுத்து, மெதுவாக நீட்டி விடுவதே போதும். மூச்சைக் கவனித்தாலே பயம் கூடுகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பாட்டை முணுமுணுப்பது நல்லது, மூச்சு தானாக நீளும்.

அமர்வுகளில் ஒருவரை நீங்கள் கட்டாயம் பார்ப்பீர்கள். செருப்பை வாசலில் விடாமல் கதிரைக்குக் கீழே வைத்திருப்பார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருப்பார். கதவு தெரியும் இடத்தில்தான் உட்காருவார். “அக்கா, வட்டத்துக்குள் வாருங்கள்” என்று அன்போடு கையைப் பிடித்து இழுக்கும் நடத்துநர், அந்த அக்கா தனக்கென்று செய்து வைத்திருந்த பாதுகாப்பு ஏற்பாட்டை ஒரு நொடியில் குலைத்துவிடுகிறார். அந்தக் கதிரை அங்கேயே இருக்கட்டும். கேட்காமல் தொடவும் வேண்டாம், தோளைச் சரிசெய்வதற்காகக்கூட.

மனவடு உள்ளவர்களுக்கான யோகாவில் இதையெல்லாம் முறையாகவே வகுத்திருக்கிறார்கள். “கையை உயர்த்துங்கள்” என்பதற்குப் பதில் “விரும்பினால் கையை உயர்த்திப் பாருங்கள், வேண்டாமென்றால் அப்படியே இருக்கலாம்” என்ற பேச்சு. அமெரிக்காவில் மனநல வைத்தியர் பெசெல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மனவடு நோய் இருந்து வேறு சிகிச்சைகளால் தேறாத 64 பெண்கள் பங்கேற்றார்கள். பத்து வாரங்கள், வாரம் ஒரு மணிநேரம். முடிவில் யோகா செய்தவர்களில் 52 வீதமானோர் நோய்க்கான வரையறைக்கு வெளியே வந்திருந்தார்கள். யோகா செய்யாத மற்றைய குழுவில் 21 வீதம். சிறிய ஆய்வுதான். ஆனால் அந்தப் பெண்கள் செய்தது உடலை வளைக்கும் சாகசம் அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இன்னொன்று: ஓங்காரத்தோடு தொடங்கும் யோகாவை அப்படியே கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ கொண்டுபோய்விட்டு, முஸ்லிம் பெண்கள் வரவில்லை என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், அவரவர் மரபிலுள்ள பயிற்சியைக் கொண்டே தளர்வை ஏற்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறார்: பிராணாயாமம், திக்ர் (இறைநாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது), செபமாலை, ஆனாபானசதி (மூச்சைக் கவனிக்கும் பௌத்த தியானம்). எது அவருடையதோ அது.

கதையைக் கறப்பது

மிகப் பெரிய கேடு இங்கேதான் நடக்கிறது. “அழுது தீர்த்தால் பாரம் இறங்கும்” என்ற நம்பிக்கையில், ஒருநாள் செயலமர்வில் ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்து, நடந்ததை முழுக்கச் சொல்ல வைப்பது. மண்டபமே அழும். மதியச் சாப்பாடு வரும். பின்னேரம் வளவாளர் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிடுவார். அன்றிரவு அந்தப் பெண் தகரக் கொட்டிலில் விழித்துக் கிடப்பதை யாரும் அறிக்கையில் எழுதப்போவதில்லை. பேரிடர் நடந்தவுடன் ஒரே அமர்வில் நிகழ்ந்ததையெல்லாம் பேச வைக்கும் முறை ஒருகாலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. பின்னர் வந்த ஆய்வுத் தொகுப்புகள் அது மனவடுவைத் தடுக்கவில்லை என்றும் சிலருக்குத் தீங்காகவும் முடிந்தது என்றும் காட்டின. இன்று பரிந்துரைக்கப்படுவது உளவியல் முதலுதவி: பாதுகாப்பு, தண்ணீர், உறவினரோடு தொடர்பு, அவராகப் பேசினால் கேட்பது.

இதனால் நினைவுகளைத் தொடவே கூடாது என்று ஆகாது. நினைவை நேரடியாக எதிர்கொள்ளும் சிகிச்சைகளுக்குத்தான் ஆய்வுச் சான்று மிக வலுவாக உள்ளது. 2013இல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தவையும் மனவடுவை மையப்படுத்திய அறிதல் நடத்தைச் சிகிச்சையும் (நினைப்பையும் நடத்தையையும் மெல்ல மாற்றும் பேச்சு முறை) கண் அசைவுச் சிகிச்சையும் (கண்ணை அசைத்தபடி நினைவைக் கையாளும் முறை) தான். அவை பயிற்சி பெற்றவர் பல அமர்வுகளில், திட்டத்தோடு செய்பவை. மண்டபத்தில் ஒலிவாங்கியைக் கையில் கொடுப்பது வேறு காரியம்.

நாடகத்தில் இந்தத் தவறு கவர்ச்சியாக இருக்கும். தன் கதையைத் தானே நடிக்கும் பெண்ணைப் பார்த்துப் பார்வையாளர்கள் உருகுவார்கள். நடிக்கும் அவரோ அன்றைய நாளுக்குள் திரும்பப் போய் அகப்பட்டுக்கொள்வார். கதைக்கும் அவருக்கும் இடையில் ஒரு தூரம் வேண்டும். வேறொருவர் நடிக்கட்டும், கதை ஒரு நரியைப் பற்றியதாக இருக்கட்டும், கூத்துப் பாட்டாக வரட்டும். மட்டக்களப்பில் 1996இல் கனடியக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைக் குரு பால் சற்குணநாயகமும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் சேர்ந்து மண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள். யாரும் அவர்களிடம் வாக்குமூலம் எடுக்கவில்லை. அதோடு, பிள்ளைகள் மீண்டும் மீண்டும் வந்தார்கள். ஒருநாள் கூத்தாக அது முடியவில்லை.

எழுத்துக்கும் இதே விதி. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வு பிரபலம்: நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், மனத்தை அழுத்தும் விடயத்தைப் பற்றி எழுதுவது. எழுதிய உடனே மனம் கனக்கும் என்பதையும், தாங்க முடியாத விடயம் என்றால் அதை எழுத வேண்டாம், வேறொன்றை எழுதுங்கள் என்று அவரே சொல்லியிருப்பதையும் நம் செயலமர்வுகள் மறந்துவிடுகின்றன. எழுதிய தாளைச் சேகரித்துக் கோப்பில் போடுவது இன்னும் மோசம். யார் என்ன சொன்னார் என்பது யார் காதுக்கெல்லாம் போகும் என்று முப்பது ஆண்டு பயந்து வாழ்ந்த ஊர் இது. தாள் எழுதியவருக்கே சொந்தம். கிழிக்கலாம், எரிக்கலாம், வைத்துக்கொள்ளலாம்.

கறுப்பு நிறமும் களிமண் அடுப்பும்

பிள்ளை கறுப்பில் வரைந்தால் மனச்சோர்வு, வீட்டுக்குக் கதவு இல்லாவிட்டால் பயம் என்று அட்டவணை வைத்துப் படம் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். தனி அடையாளங்களை வைத்து அப்படி நோய் கணிக்க ஆய்வு ஆதாரம் இல்லை. பெட்டியில் கறுப்புக் கிரயோன் மட்டும் மிஞ்சியிருந்திருக்கலாம். மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்த களிமண் அமர்வில், வயதான அம்மா ஒருவர் நேரம் முழுக்க ஒரு பொருளையே செய்துகொண்டிருந்தார். விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு விளிம்பை வழித்தார். வெடிப்பு வந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினார். இளம் நடத்துநர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “அம்மா, இது நீங்கள் இழந்த வீடா?” என்றார். “இல்லை பிள்ளை, இது அடுப்பு. வீட்டில் இருக்கிறது வெடித்துவிட்டது. இந்த மண் நல்ல மண், கொஞ்சம் கொண்டு போகலாமா?” அந்த ஒரு மணிநேரமும் அவருடைய தோள் தளர்ந்திருந்தது, மூச்சு சீராக இருந்தது. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. விளக்கம் தேவைப்பட்டது நடத்துநருக்குத்தான்.

கேட்க விரும்பினால் “இதைப் பற்றிச் சொல்ல விருப்பமா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் இல்லை. பிள்ளைகளின் படங்களைக் கண்காட்சிக்கும் பேஸ்புக்குக்கும் கொண்டு போகாதீர்கள். சுனாமிக்குப் பிறகு வருகிறவர் எல்லாரும் அலையை வரையச் சொன்னதில், எந்தப் படம் வரைந்தால் பெரியவர்கள் முகம் மாறும் என்பதைப் பிள்ளைகள் விரைவிலேயே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

நோவெல்லாம் மனம் அல்ல

இது சுருக்கமானது, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. நெஞ்சு நோவு என்றதும் “அது மனவடு” என்று மூச்சுப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். முதலில் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். முதுகு நோவு, கால் நோவு என்பவர்களில் சிலருடைய உடலில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது. அந்த நோவு உண்மையிலேயே இரும்பு தரும் நோவு. அப்படிப்பட்டவர் எம்ஆர்ஐ எடுக்கப் போகும் முன் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் காந்தம் இரும்பை அசைக்கவும் சூடாக்கவும் கூடும்.

முடித்து வைக்கும் அவசரம்

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் 31ஆம் நாள் கிரியை செய்து தலைமுழுகும் வழக்கம் நமக்கு உண்டு. ஏழு கிணற்று நீரையும் மாறி மாறி வாளியில் அள்ளித் தலையில் ஊற்றும்போது உடலும் துக்கத்தில் பங்கெடுக்கிறது. ஆனால் மகன் காணாமல் ஆக்கப்பட்ட தாய்க்கு எந்த நாளை முதலாம் நாளாக எண்ணுவது? அவரிடம் போய் “ஏற்றுக்கொள்ளுங்கள் அம்மா, ஒரு விளக்கேற்றி வழியனுப்பி வைப்போம்” என்று சடங்கு அமைப்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். தாய்க்கோ அது மகனைத் தன் கையால் கொல்லச் சொல்வதாக இருக்கும். இதைத் தெளிவற்ற இழப்பு என்று விவரித்த அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ், இங்கே முடிவு தேடக் கூடாது, இருக்கிறான் இல்லை என்ற இரண்டையும் சுமந்தபடி வாழ உதவ வேண்டும் என்கிறார். மகனுடைய சட்டையைத் தைத்து வைப்பதும் அவனுக்குப் பிடித்த கறியைப் பிறந்தநாளில் சமைப்பதும் அந்த உதவிக்குள் வரும்.

கடைசியாக, அளவுக்கு மீறி வாக்குறுதி கொடுப்பது. வடகிழக்கில் போரும் சுனாமியும் கண்ட 31 பிள்ளைகளிடம் உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு பாதிக்கு நடந்ததை வரிசையாகச் சொல்லும் முறை, மறு பாதிக்குத் தியானமும் தளர்வும். ஆறு மாதத்தில் முதலாவது குழுவில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் தேறியிருந்தன. நம்பிக்கை தரும் எண்கள். ஆனாலும் பிள்ளைகள் தொகை சிறியது, சிகிச்சையே பெறாத குழு ஒன்றும் ஒப்பீட்டுக்கு இல்லை. களிமண்ணும் யோகாவும் இருக்கிறது, மாத்திரையை நிறுத்துங்கள் என்று சொல்ல இதில் இடமில்லை.

ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால், பல இரவுகள் நித்திரையே இல்லாவிட்டால், பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்டால், குடி கைமீறினால் அமர்வை நிறுத்திவிட்டு திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ கூடவே போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். அவ்வளவு அவசரமில்லை என்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். தனியாகப் பேச அறை கேட்டு வாங்குங்கள். பொதுமக்கள் வரிசையில் நிற்கும் மேசைக்குப் பக்கத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.