ஆங்கிலப் பாட்டு வகைகளை மேசையில் தட்டிப் படிப்பது எப்படி?

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐரிஷ் சிறுகதையை மொழிபெயர்த்தேன். கிழவர் பிடிலில் 'ஏர்' வாசிக்கிறார் என்று ஒரு வரி. 'காற்றை வாசித்தார்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அங்கே ஏர் என்றால் மெட்டு. அச்சேறும் முன் மெய்ப்புத் திருத்துபவர் கண்ணில் பட்டதால் தப்பித்தேன். ஆங்கிலப் பாட்டு, இசை வகைகளின் பெயர்களைக் குறித்துவைக்க அன்று தொடங்கிய குறிப்பேட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. பாடுவதற்குச் சொற்கள் இருந்தால்தான் சாங். வெறும் வாத்திய இசை என்றால் டியூன் அல்லது பீஸ். பீத்தோவனின் பியானோ சொனாட்டாவைச் சாங் என்று சொன்னால், இசை தெரிந்தவர் முகம் சுளிப்பார்.

அடுத்து, அந்தப் பாட்டுக்கு என்ன வேலை என்று பாருங்கள். பிள்ளையைத் தூங்கவைப்பது லல்லபி, இதில் குழப்பமில்லை. சாவுப் பாட்டில்தான் தடுமாறுவோம். பறிகொடுத்தவர் துயரைச் சொல்லி அழுவது லமென்ட். நம் ஒப்பாரிக்கு அதுவே நெருக்கம். டர்ஜ் என்பது இறுதிச் சடங்கில் பாடும் மெதுவான பாட்டு. ஆனால் விமர்சகர் ஒரு பாட்டை 'டர்ஜ் போல' என்று எழுதினால் அது வசை. இழுவை என்று பொருள். ஷான்ட்டி, பாய்மரக் கப்பலில் கயிறு இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடியது. நம் மீனவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்டவருக்கு அதற்கு விளக்கமே வேண்டாம். அதே எழுத்துகளில் குடிசைக்கும் ஒரு சொல் உண்டு. அதிலும் ஒருமுறை வழுக்கியிருக்கிறேன்.

ஆட்ட இசைக்கு அகராதியை மூடிவிட்டு மேசையைத் தட்டுங்கள். முதல் அடியை அழுத்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று சுழன்றால் வால்ட்ஸ். ஐரிஷ் ஜிக், ரீல் இரண்டும் வேகமானவை. புதிதாகக் கேட்பவருக்கு ஒன்றுபோலவே இருக்கும். 'தகிட தகிட' என்று கூடவே சொல்லிப் பாருங்கள், ஒட்டினால் ஜிக். 'தகதிமி தகதிமி' ஒட்டினால் ரீல். தகிட மும்மூன்றாக வந்து திரும்பினால் ஸ்லிப் ஜிக். மிருதங்கம் படிக்கும் பக்கத்து வீட்டுச் சிறுமி சொல்லித்தந்த வழி இது. நான் வாங்கிவைத்த புத்தகங்கள் எதுவும் இவ்வளவு உதவவில்லை.

இரவு நடன விடுதிகளில் ஒலிக்கும் கிளப் இசையில் பெயர்கள் பெருகிக்கொண்டே போகின்றன. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. 1980களில் சிகாகோவில் பிறந்தது ஹவுஸ், டெட்ராய்ட்டில் பிறந்தது டெக்னோ என்று தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

பாலட் என்ற சொல் வந்தால் மட்டும் நூலின் காலத்தைப் பாருங்கள். பழைய நூலில் அது கதைப்பாடல். இன்றைய பாப் இசையில் மெதுவான காதல் பாட்டு. வேரைத் தேடினால், ஆடுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் போய் நிற்கிறது. பாலே அதன் உடன்பிறப்பு. போர்த்துகீசியர் வழியாக இலங்கைக்கு வந்த பைலா என்ற ஆட்டப் பாட்டும் அதே குடும்பம்தான். கிறிஸ்துமஸுக்குப் பாடும் கேரலும் ஒரு காலத்தில் கைகோத்து வட்டமாக ஆடிய ஆட்டத்தின் பாட்டு. டிசம்பரில் எங்கள் தெருவுக்கு வந்த கேரல் குழுவிடம் இதைச் சொன்னேன். டிரம் வைத்திருந்த பையன் மட்டும் உடனே நம்பினான்.