கடையில் கடல் வண்ண மீன் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் பெரும்பாலும் நன்னீர் மீன்களே விற்கின்றன. ஆனாலும் உட்புறம் நீல விளக்கெரியும் அறையொன்றில் கோமாளி மீன், டாம்செல், டாங், இறால் என்று கடல் உயிர்களை வைத்திருக்கும் கடைகளும் உண்டு. நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களிலோ மிகப் பல இன்றும் கடலில் பிடிக்கப்பட்டே வருகின்றன. பிடித்தவரிடமிருந்து சேகரிப்பவருக்கும், அவரிடமிருந்து மொத்த வியாபாரிக்கும், பிறகு விமானத்திலோ வண்டியிலோ கடைக்குமாக அந்த மீன் கைமாறும் நாட்களில், பையில் கழிவு சேரக் கூடாது என்பதற்காக அதைப் பட்டினி போட்டிருப்பார்கள். கடைக்கு வந்து இறங்கும் மீன் களைத்து, மெலிந்து, நோயை எதிர்க்கும் வலு குன்றி நிற்கும் மீன். ஆகவே கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால், அது என்றைக்கு வந்தது என்று கேட்க வேண்டும்.

நேற்று வந்த மீனை இன்று வாங்க வேண்டாம். மிகவும் பிடித்துப் போனால் முன்பணம் கொடுத்து, பத்து நாட்கள் கடையிலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். இதை நான் இழந்து கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் அன்று காலை வந்திறங்கிய பவுடர் ப்ளூ டாங் ஒன்றை, வேறொருவர் வாங்கிவிடுவாரோ என்ற பதற்றத்தில் உடனே வாங்கி, நேரே பெரிய தொட்டியில் விட்டேன். உடலில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் ஒட்டுண்ணி நோயான வெண்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகும் மீன் அது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் அதுவும் போயிற்று, அதற்கு முன் தொட்டியில் நலமாக இருந்த மீன்களும் போயின.

கடைக்குள் நுழைந்ததும் நீங்கள் விரும்பும் மீனை விட்டுவிட்டு மற்றத் தொட்டிகளைப் பாருங்கள். பல கடைகளில் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே வடிகட்டி அமைப்பின் வழியாகவே நீர் சுற்றி வருகிறது. அப்படியானால் மூலையிலுள்ள தொட்டியில் ஒரு மீன் செத்து மிதந்தாலும், வெண்புள்ளியோடு பாறையில் உடலை உரசிக்கொண்டிருந்தாலும், அந்த நோய் உங்கள் மீன் இருக்கும் நீரிலும் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அந்த நீரில் செப்பு மருந்து கலந்திருக்கிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும். ஒட்டுண்ணிகளை அடக்கி வைக்க மீன் தொட்டிகளில் செப்பைக் குறைந்த அளவில் கலந்து வைக்கும் வழக்கம் உண்டு. அந்த அளவு நோயைத் தீர்க்காது, அறிகுறிகளை மட்டும் மறைத்து வைக்கும். வீட்டுக்கு வந்து செப்பில்லாத நீரில் சில நாள் இருந்ததும் புள்ளிகள் வெளிப்படும். இறால், நத்தை, கடல் சாமந்தி போன்ற முதுகெலும்பில்லா உயிர்களைச் செப்பு கொன்றுவிடும். எனவே அவை நலமாக வாழும் அதே நீரில் பல நாட்களாக இருக்கும் மீன், தன் உண்மை நிலையில்தான் நம் கண்முன் நிற்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

இனி மீனுக்கு வருவோம். நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள். நீல ஒளியில் எல்லா மீனும் அழகாகத்தான் தெரியும். தொட்டியை விட்டு இரண்டடி தள்ளி, பத்து நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள். நலமான மீன் முதலில் ஒதுங்கினாலும் சிறிது நேரத்தில் வெளியே வந்து சுற்றுப்புறத்தைக் கவனிக்கத் தொடங்கும். செவுள் மூடி அடிக்கும் வேகத்தை அதே இனத்தைச் சேர்ந்த மற்ற மீன்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூச்சு வாங்குவது, நீர் பாயும் குழாயின் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பது, ஒளியைக் கண்டு ஒதுங்குவது ஆகியவை சேர்ந்து தெரிந்தால் வெல்வெட் என்னும் ஒட்டுண்ணி நோயைச் சந்தேகிக்க வேண்டும். அது உடலில் தெளிவாகத் தெரியும் முன்பே செவுள்களைத் தின்றுவிடும் என்பதால், புள்ளி இல்லையே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. கோமாளி மீன்களில் தோல்மேல் வெள்ளையாகச் சளி படர்ந்து உரிவது புரூக்லினெல்லா என்னும் ஒட்டுண்ணியின் அடையாளம். சில நாட்களிலேயே அது மீனைக் கொன்றுவிடும்.

மெலிவை அறியப் பக்கவாட்டில் பார்ப்பது போதாது. மீன் நேருக்கு நேர் திரும்பும்போது பாருங்கள். வயிறு ஒட்டியிருப்பது பட்டினியால் இருக்கலாம், அது சரியாகிவிடும். கண்களுக்கு மேலே, தலைக்குப் பின்னாலுள்ள சதை வற்றி முதுகு கத்தி முனை போலத் தெரிந்தால் அந்த மீன் மீள்வது அரிது.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும், தீனி போடச் சொல்லிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. உறைய வைத்த ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்புநீர் இறாலை மீன் வாயில் வாங்கித் துப்புகிறதா, விழுங்குகிறதா என்று பாருங்கள். குருணைத் தீனியையும் தின்றால் இன்னும் நல்லது. சில மீன்களை இந்தச் சோதனைக்கே உட்படுத்த வேண்டியதில்லை: உயிருள்ள நுண்ணிறால்களை நாளெல்லாம் பொறுக்கித் தின்னும் மாண்டரின் மீனும், பவள உயிரிகளையே உணவாகக் கொண்ட வண்ணத்துப்பூச்சி மீன் வகைகளும் புதிய தொட்டியில் பட்டினியால்தான் சாகும். அவற்றை வாங்கி வந்து கண்ணெதிரே நலிய விடுவது பாவம்.

கோமாளி மீன் தேடுவோர், குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் இவற்றை இனப்பெருக்கம் செய்து காட்டியிருப்பதால் இது நம் மண்ணில் நடக்காத காரியமில்லை. அப்படிப் பிறந்த மீன் குருணைத் தீனிக்கும் கண்ணாடிச் சுவருக்கும் பழகியது. கடலிலிருந்து ஒரு மீனும் குறைவதில்லை.

கடல் சாமந்தியில் தூய வெண்மையைக் கண்டு மயங்க வேண்டாம். அதன் உடலில் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசிகளை இழந்ததால் வந்த வெளுப்பு அது. பளிச்சென்ற மஞ்சளும் இளஞ்சிவப்பும் சாயமாக இருக்கலாம். பழுப்பு நிறம், மூடிய வாய், கிழியாத அடிப்பாகம், தொட்டால் ஒட்டும் விரல்கள் ஆகியவையே நலத்தின் அடையாளங்கள். கடற்குதிரை, கல் பவளம், கடல் அட்டை ஆகியவை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது பவளத்தையோ பவளப் பாறையையோ நீட்டினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மறுத்துவிட வேண்டும்.

வாங்குவது உறுதியானதும் கடை நீரின் உப்படர்த்தியைக் கேளுங்கள், முடிந்தால் நீங்களே அளந்து பாருங்கள். நன்னீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் கடல் நீரின் அளவு ஏறத்தாழ 1.025 என்றாலும், உப்புச் செலவைக் குறைக்கவும் ஒட்டுண்ணிகளை மட்டுப்படுத்தவும் 1.018 அளவில் மீன்களை வைத்திருக்கும் கடைகள் உண்டு. உப்பு குறைவதை மீன் எளிதில் தாங்கும், திடீரென்று கூடுவதைத் தாங்காது. ஆகவே புதிய மீனை மற்றவற்றோடு சேர்க்காமல் முதலில் வைத்திருக்கும் தனிமைத் தொட்டியின் நீரைக் கடையின் அளவுக்கே அமைத்து, அதன்பின் பல நாட்களில் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். இறாலும் கடல் சாமந்தியும் அவ்வளவு குறைந்த உப்பில் நின்றிருந்தால் வாங்காமல் விடுவதே நல்லது.

ஒவ்வொரு மீனையும் தனிப் பையில் போடச் சொல்லி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, வழியில் வேறெங்கும் நிற்காமல் வீடு சேருங்கள். சென்னை வெயிலில் மூடிய காருக்குள் பை நீர் கொதித்துவிடும். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, பையைப் பிரிக்காமல் தனிமைத் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்க விடுங்கள். பையைத் திறந்த பின் தாமதிக்கக் கூடாது. பயணத்தில் மீன் வெளிவிட்ட கரியமில வாயு நீரை அமிலத் தன்மைக்குக் கொண்டு சென்றிருக்கும், அதனால் அம்மோனியாவின் நஞ்சும் தணிந்திருக்கும். பை திறந்து வாயு வெளியேறியதும் அந்த நஞ்சு விழித்துக்கொள்ளும். மீனை மட்டும் எடுத்து விட்டுவிட்டு, பை நீரைக் கீழே கொட்டிவிடுங்கள். அதில் ஒரு சொட்டும் உங்கள் தொட்டிக்குள் போகக் கூடாது.

தனிமைத் தொட்டிக்கு 50 லிட்டர் அளவும், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் குடியேறும்படி முன்பே பழக்கிய பஞ்சு வடிகட்டியும், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளும் போதும். வெண்புள்ளி ஒட்டுண்ணி மீனின் உடலில் சில நாட்களே தங்கி, பின் உதிர்ந்து, கூட்டுக்குள் வாரக்கணக்கில் காத்திருந்து மீண்டும் வருவதால், ஒரு வாரம் புள்ளி தென்படவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மீன் தொட்டிக்கு வந்த தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டி வைத்து, குறைந்தது 30 நாட்களாவது அது மற்ற மீன்களோடு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரே ஒரு புள்ளி தென்பட்டாலும் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு, சிகிச்சை முடிந்த நாளிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்குங்கள்.