சின்னப் பதிப்பகத்துக்கு வாசகர் குழு அமைப்பது எப்படி? டர்பனிலிருந்து ஒரு செய்முறை

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டு கராஜில் இன்னும் நான்கு அட்டைப்பெட்டிகள் அடுக்கியபடியே இருக்கின்றன. எங்கள் பதிப்பகத்தின் இரண்டாவது புத்தகம். நானும், பதிப்பகத்தை என்னோடு சேர்ந்து நடத்தும் அக்காவும் மட்டும் படித்துப் பார்த்து, பிடித்துப்போய், 300 பிரதி அச்சடித்தோம். வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்கள் வாங்கினார்கள், அதோடு நின்றுவிட்டது. வாங்கப் போகிறவர்களை அச்சுக்கு முன்னாலேயே ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

இப்போது, அச்சுக்கு முன்னாலேயே கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வாசகர் குழுவோடு மூன்று சுற்று முடித்துவிட்டோம். டர்பன் பக்கத்து பீனிக்ஸிலும் ஜொகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலும் இதே வேலையைத் தொடங்கப் போகும் இரண்டு பேர் விவரம் கேட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யோசனை எங்களுடையது அல்ல. இங்கிலாந்தில் ‘அண்ட் அதர் ஸ்டோரிஸ்’ என்ற சிறு பதிப்பகம் பல வருஷங்களாக இப்படிச் செய்கிறது. இன்னும் ஆங்கிலத்துக்கு வராத புத்தகங்களை மூலமொழியிலேயே படிக்கத் தெரிந்தவர்கள் குழுவாகப் படித்து, எது தகுதியானது என்று பதிப்பகத்துக்குச் சொல்கிறார்கள். ஜொகன்னஸ்பர்க்கில் பிறந்த டெபோரா லெவியின் நாவல் ஒன்றைப் பெரிய பதிப்பகங்கள் ஏற்காதபோது 2011-ல் வெளியிட்டது அவர்கள்தான். மறு வருஷம் அது புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது. சின்ன இடம் என்பதால் தேர்வு சின்னதாக இருக்க வேண்டியதில்லை என்ற தைரியம் எனக்கு அங்கிருந்து வந்தது.

படி 1: யார் முடிவு செய்வது என்பதை முதல் நாளே சொல்லுங்கள்

குழு கருத்துச் சொல்லும், முடிவு பதிப்பகத்துடையது. இதைச் சொல்லாமல் தொடங்கினால் பின்னால் மனவருத்தம்தான். வருஷத்துக்கு எத்தனை புத்தகம், எந்த மொழியில் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நாங்கள் வருஷத்துக்கு இரண்டு புத்தகம் போடுகிறோம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். தென்னாப்பிரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் 6-ம் பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயர் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் இரண்டு மொழி.

படி 2: ஆட்களைச் சேர்ப்பது

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். நன்றாகத் தமிழ் படிப்பவர்களாகப் பார்த்து மட்டும் சேர்க்காதீர்கள். எங்கள் குழுவில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்ட மூன்று பேர் இருக்கிறார்கள். சரளமாகப் படிப்பார்கள், ஆனால் டர்பனைச் சுற்றிய இந்த நேட்டால் பகுதியின் வாழ்க்கை அவர்களுக்குப் புதிது. இங்கேயே பிறந்து ஆங்கிலத்தில் மட்டும் படிக்கும் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர். மூன்றாவது வகை வாசகர் ஒருவரும் இருக்கிறார். அவரைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

எழுதியவருக்கு உறவினர் என்றால் அந்தக் கைப்பிரதிக்கு மட்டும் விலகிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் யாரும் யாருக்காவது மாமாவாகத்தான் இருப்பார்கள் என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் இதைக் கேட்டாக வேண்டும்.

படி 3: கைப்பிரதியை எல்லோரும் படிக்கும்படி ஆக்குவது

எங்களுக்கு வருபவற்றில் பாதி யூனிகோடுக்கு முந்தைய பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அப்படியே அனுப்பினால் வாசகரின் போனில் ஒரு எழுத்தும் புரியாது. என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். முதல் சுற்றில் இதைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டோம். டோங்காட், வெருலம், மவுண்ட் எட்ஜ்கோம் என்று ஆங்கிலத்தில் அடித்திருந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் சிதைந்து போயிருந்தன. எழுதியவருக்கு எழுத்துப்பிழை அதிகம் என்று இரண்டு வாசகர்கள் குறைகூட எழுதிவிட்டார்கள். அது எங்கள் பிழை. மாற்றியபின் ஒரு முறை முழுதாகப் படித்துப் பாருங்கள்.

பி.டி.எஃப். ஆக அனுப்பாதீர்கள். போன் திரையில் அதைத் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருக்கும், நாற்பதாம் பக்கத்தில் கைவிட்டுவிடுவார்கள். நான் காலிபர் மென்பொருளில் இ-பப் என்ற மின்னூல் வடிவமாக்கி அனுப்புகிறேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதே அறுபது வயது வாசகர்களுக்குப் பெரிய உதவி. எழுதியவர் பெயரை முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். குழுவுக்குக் கொடுக்க அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

படி 4: என்ன கேட்பது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

முதல் சுற்றில் பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னோம். எட்டுப் பேர். ஒரு கைப்பிரதிக்கு 7, 7, 7, 6, 7, 7, 7, 8 என்று வந்தது. சராசரி 7. இன்னொன்று, கரும்புத் தோட்டத்தில் பிள்ளைப்பருவத்தைக் கழித்த ஒரு பெண் எழுதிய நினைவுக் குறிப்பு. அதற்கு 10, 10, 9, 9, 5, 4, 3, 2. சராசரி 6.5. கணக்குப்படி முதலாவதைத் தேர்ந்தெடுத்தோம். அச்சடித்துக் கையில் கொடுத்தபின் 7 போட்டவர்களிடம் எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டேன். குழுவுக்கு இலவசமாகக் கொடுத்தது போதும் என்றார்கள். யாருக்கும் அது பிடிக்காமல் இல்லை. யாரும் அதைத் தேடிப் போகவும் இல்லை. பத்துப் போட்டவர்களில் ஒருவரோ, அந்த நினைவுக் குறிப்பு எப்போது வரும் என்று ஆறு மாதம் கழித்தும் என்னைக் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டார்.

சராசரி என்பது சண்டையை மறைத்துவிடுகிறது. நமக்கு வேண்டியது அந்தச் சண்டைதான். நான்கு பேர் உயிராக நினைத்து, நான்கு பேர் தள்ளிவைக்கிற புத்தகத்துக்கு நான்கு உண்மையான வாசகர்கள் இருக்கிறார்கள். 300 பிரதி போடும் பதிப்பகத்துக்கு அப்படிப்பட்டவர்கள் எண்பது பேர் கிடைத்தால் போதும்.

இப்போது மதிப்பெண்ணே இல்லை. நான்கு கேள்விகள்தான்:

எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், ஏன்?
எந்த இடத்தைப் பக்கத்தில் இருந்தவருக்குப் படித்துக் காட்டினீர்கள்?
எது உண்மையில்லை என்று தோன்றியது?
சொந்தக் காசில் யாருக்கு வாங்கிக் கொடுப்பீர்கள்? ஆளைச் சொல்லுங்கள்.

நான்காவதுதான் உயிர். “எல்லோருக்கும் கொடுக்கலாம்” என்று வந்தால் யாருக்கும் கொடுக்க மாட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். “மெரபேங்கில் இருக்கும் என் சின்ன அத்தைக்கு, அவள் கணவர் மில்லில் வேலை பார்த்தவர்” என்று ஒருவர் எழுதினால் அந்தக் கைப்பிரதியை மறுபடியும் கையில் எடுக்கிறேன். அந்த நினைவுக் குறிப்பை இரண்டாம் சுற்றில் இப்படித்தான் மீட்டோம்.

மூன்றாவது கேள்விக்கும் ஒரு காரணம் உண்டு. எங்களுக்கு வரும் குடும்ப வரலாறுகளில் பெரும்பாலானவை ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்குகின்றன. ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்களோடு மதராஸிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-ல் டர்பன் வந்து சேர்ந்த முதல் கப்பல் அது. அதில் வந்தவர்கள் 342 பேர். 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். எல்லோருடைய கொள்ளுத்தாத்தாவும் அந்த 342 பேருக்குள் இருக்க முடியாது. குழுவில் ஒருவர் வெஸ்ட்வில்லில் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்குப் போய்க் கப்பல் பட்டியலைப் பார்த்துவிட்டு வருவார். ஒவ்வொரு கூலித் தொழிலாளிக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். குடும்பத்தில் அந்த எண் இருந்தால் கப்பலைக் கண்டுபிடிப்பது எளிது. உண்மையான கப்பலின் பெயர் கிடைத்தபோது எழுதியவர் அழுதுவிட்டார். தவறைச் சுட்டிக்காட்டினால் கோபப்படுவார் என்று நான் பயந்திருந்தேன்.

பதில்களை வாங்க கூகுள் ஃபார்ம் நல்லது. வாட்ஸப் வாக்கெடுப்பு வேண்டவே வேண்டாம். அதில் யார் எதற்குப் போட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் போட்டவரின் பின்னாலேயே மற்றவர்களும் போய்விடுவார்கள்.

படி 5: கூட்டம்

எழுதிக் கொடுத்தபின்தான் பேச்சு. கூட்டத்தில் வயதில் சிறியவரிலிருந்து தொடங்குங்கள். பெரியவர் ஒருவர் “நல்ல புத்தகம்” என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் இருபது வயதுப் பெண் எதிர்த்துப் பேச மாட்டாள். அது மரியாதைக் குறைவு என்றுதான் நாம் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். அந்த மரியாதையை உடைக்க வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். டீயும் வடையும் முடிவில் கொடுங்கள், நடுவில் கொடுத்தால் பேச்சு கலைந்துவிடும்.

படி 6: முடிவுக்குப் பின்

ஏன் எடுத்தோம், ஏன் எடுக்கவில்லை என்று குழுவுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதியவர்களுக்கும் வாசகர் சொன்னதைப் பெயர் குறிப்பிடாமல் அனுப்புங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐ பிரிட்டோரியாவில் உள்ள தேசிய நூலகத்தில் கட்டணமில்லாமல் வாங்கலாம். 1997-ம் வருஷச் சட்டப்படி ஐந்து பிரதிகள் நூலகங்களுக்குப் போக வேண்டும். அவற்றில் ஒன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் உம்சுண்டுசி நூலகம். அச்சடிக்கும் எண்ணிக்கையில் இதை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். குழுவினர் பெயரை அவர்கள் சம்மதத்தோடு கடைசிப் பக்கத்தில் போடுகிறோம்.

பிற்சேர்க்கை 1

வாசகர்களுக்குப் பணம் கொடுப்பதா என்று சிலர் கேட்டார்கள். கூட்டத்துக்கு வர டாக்ஸிச் செலவும், வெளியான புத்தகத்தில் ஒரு பிரதியும் கொடுக்கிறோம். அதற்குமேல் எங்களால் முடியாது. டாக்ஸிச் செலவை மட்டும் தவறவிடாதீர்கள், சிலர் அதற்காகவே வராமல் இருந்துவிடுவார்கள்.

பெயர், போன் எண் பட்டியல் வைத்திருப்பவர்கள் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மறக்க வேண்டாம். 2021 ஜூலை முதல் அது முழுதாக நடைமுறையில் இருக்கிறது. வாட்ஸப் குழுவில் சேர்க்கும் முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

பிற்சேர்க்கை 2

பெயரை எடுத்துவிட்டாலும் யார் எழுதியது என்று தெரிந்துவிடுகிறதே என்று டோங்காட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். கோயில் தெரு, கடைப் பெயர், தாத்தாவின் வேலை, இவை மூன்றும் போதும். அப்படிப்பட்ட கைப்பிரதிகளை இப்போது லெனேசியாவில் இருக்கும் இரண்டு வாசகர்களுக்கு அனுப்புகிறோம். பதிலுக்கு அவர்களுடையதை நாங்கள் படிக்கிறோம்.

பிற்சேர்க்கை 3: படிக்கத் தெரியாத வாசகர்

மூன்றாவது வகை வாசகர் என்று சொன்னேனே, அவர் எங்கள் தெருப் பாட்டி, ஆயா என்றுதான் கூப்பிடுவோம். எண்பது தாண்டியவர். தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. அவருக்காக நான் அத்தியாயங்களைப் படித்து வாட்ஸப் குரல் செய்தியாக அனுப்புகிறேன். ஒவ்வொன்றும் ஆறேழு நிமிடம்தான். இருபது நிமிடமாக அனுப்பியபோது தூங்கிவிட்டேன் என்றார். மெதுவாகப் படியுங்கள், உரையாடலில் நடிக்க முயலாதீர்கள்.

ஆயாவின் கருத்து உடனே வராது. இரண்டு நாள் கழித்துச் சாயங்காலத்தில் போன் செய்வார். அந்த நினைவுக் குறிப்பின் மூன்றாம் அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு இப்படித்தான் கூப்பிட்டார். “நல்லாத்தாம்மா எழுதியிருக்கா. ஆனா ‘தொழிலாளர் குடியிருப்பு’ன்னு சொல்றியே, அது என்னது? நாங்க பாரக்ஸ்னுதானே சொல்லுவோம். தகரக் கூரை, மழை பேஞ்சா ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது. அதைப் போடச் சொல்லு.”

எழுதியவரிடம் சொன்னேன். புத்தகம் முழுவதும் பாரக்ஸ் என்று மாற்றினார். தகரக் கூரையின் மழைச் சத்தத்துக்குப் புதிதாக ஒரு பத்தியும் எழுதிக் கொடுத்தார். அதையும் குரல் செய்தியாக ஆயாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.